உஷார்! லீவு வேலைக்கு மணி ஏழு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் சமூக அறிவியல். அது முடிகிற மதியம் பேனா மையைத் தெளித்துக்கொண்டு, சட்டை முதுகில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளைகள் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். போன வருடம் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு வேன் வந்து நின்றது. கேட்டரிங் வேன். முன் சீட்டில் இருந்தவர் இறங்கி, கொஞ்சம் வளர்ந்த பையன்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். "வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் இருக்கா? சாயங்காலம் ரிசப்ஷன். பந்தியில பரிமாறணும். ஐந்நூறு ரூபா, சாப்பாடும் அங்கேயே." பரீட்சை அட்டையை வீட்டில் வைக்கக்கூடப் போகாமல் ஆறு பேர் ஏறிக்கொண்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவன் அன்று இரவு பதினொன்றரை மணிக்கு அரசு மருத்துவமனையில் கிடந்தான். கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றிய வாளியோடு ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. அவன் அப்பா கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். "உங்க பையன் எங்க ஆளே இல்லையே. கூட்டாளிங்களோட சாப்பிட வந்தவன்" என்று பதில் வந்தது. அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த ஐந்நூறு ரூபாயும் வரவில்லை. அவன் என் வகுப்புப் பையன், வயது பதினைந்து.

மறுபடியும் ஏப்ரல் வந்துவிட்டது. கடைகளின் கண்ணாடியில் 'ஆட்கள் தேவை, மாணவர்களும் வரலாம்' என்று தாள் ஒட்டியாகிவிட்டது. "லீவுல சும்மாதானே டீச்சர் இருக்கான், நாலு காசு வந்தா அவன் செலவுக்கு ஆகும்" என்று போன வாரம் மட்டும் மூன்று அம்மாக்கள் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வேலைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேலை கொடுக்கிறவருக்குத் தெரியும், வாய் திறக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் வயது. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. 2016-ல் அதை அடியோடு திருத்தினார்கள். அதற்கு முன்பு சில ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் சிறுவர்களுக்குத் தடை. இப்போது 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. எந்த வேலையிலும் என்றால் மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பது, ஜெராக்ஸ் கடையில் தாள் எடுத்துக் கொடுப்பது, வீட்டு வேலை, டீக்கடை எல்லாம்தான். பார்ட் டைம் என்று தனியாக ஒரு சலுகை அதில் கிடையாது. ஒரு மணி நேரம்தான், லீவு நாள்தான், பையனே ஆசைப்பட்டு வந்தான் என்பதெல்லாம் பதிலாகாது. கணக்கு பிறந்த தேதிக்குத்தான், வகுப்புக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் 14 முடியாத பிள்ளைகள் நிறைய உண்டு. ஆள் வளர்ந்திருப்பதைப் பார்த்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

"எங்க சொந்தக்காரர் கடைதான் டீச்சர்" என்பார்கள். இந்த இடத்தில்தான் நம் ஊர் ஏமாந்து போகிறது. குடும்பத்துக்கு உதவலாம் என்று சட்டம் ஒரு விலக்கு தருகிறது, உண்மை. ஆனால் குடும்பம் என்றால் யார் யார் என்றும் அதே சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கிறது: அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அம்மாவின் உடன்பிறந்தவர்கள். அத்தோடு சரி. நாம் எல்லாரையும் மாமா என்று கூப்பிடுகிறோம். அம்மாவின் தம்பியான மாமா அந்தப் பட்டியலில் இருக்கிறார். அத்தையின் வீட்டுக்காரரான மாமா இல்லை. அப்பாவின் தம்பியான சித்தப்பா இருக்கிறார், சித்தியைக் கட்டிய சித்தப்பா இல்லை. பெரியப்பா மகன் இல்லை. தாத்தா பாட்டிகூட அதில் இல்லை என்பதை முதன்முதலில் படித்தபோது நானே இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

பட்டியலில் இருக்கிறவர் கடை என்றாலும் பள்ளி நேரத்தில் கூடாது, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது, ஓய்வு நேரம் போக ஒரு நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2017-ல் வந்த விதிகள் சொல்கின்றன. சம்பள ஆளுக்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்தக்கூடாது. தொழில் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்து எடுத்துப் போகிற வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடந்தாலும் அது குடும்பத்துக்கு உதவுவது ஆகாது. பீடி சுற்றுகிற வீடுகளில் "இலையை மட்டும்தான் வெட்டித் தர்றா" என்று சொல்வார்கள். பீடியும் புகையிலையும் ஆபத்தான தொழில் அட்டவணையில் இருக்கின்றன. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பிள்ளை அதைத் தொடக்கூடாது.

இனி 14 முடிந்து 18 முடியாதவர்கள். சட்டம் இவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பெரும்பாலும் இதில் வருவார்கள். இவர்கள் வேலைக்குப் போகலாம். "போகலாம்னு சட்டமே சொல்லுதே" என்று முதலாளி சொல்வது இந்த அரை வாக்கியத்தைத்தான். மீதி அரை வாக்கியத்தை நான் சொல்கிறேன், தயவுசெய்து மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபத்தான தொழில் எதிலும் போகக்கூடாது. சுரங்கம், வெடிமருந்து என்றவுடன் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று தோன்றும். பட்டாசு தயாரிப்பது மட்டுமல்ல, அடுக்கி வைப்பதும் விற்பதும் அந்த அட்டவணையில் இருக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மைதானத்தில் முளைக்கிற தகரக் கொட்டகைக் கடைகளில் பில் போடுவதும் பெட்டி எடுத்துக் கொடுப்பதும் யார் என்று ஒரு முறை நின்று பாருங்கள். பதினேழு வயதுப் பையன் அங்கே நிற்பது குற்றத்தின் நடுவே நிற்பதுதான். பார்களில் மதுவைக் கையாள்வதும் அப்படியே.

ஆபத்தில்லாத வேலைதான் என்றால் அடுத்தது கடிகாரம். மூன்று மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வேலை, ஓய்வு, வேலைக்காகக் காத்திருக்கிற நேரம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு முழு நாள் லீவில்கூடக் கையால் செய்கிற வேலை ஐந்து மணி நேரம்தான். இரவு 7 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் கிடையாது. ஓவர்டைம் கிடையாது. ஒரே நாளில் இரண்டு கடையில் வேலை கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை.

இதை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற லீவு வேலைகளை அளந்து பாருங்கள், எனக்கு வயிறு கலங்குகிறது. கல்யாண ரிசப்ஷன் பந்தி தொடங்குவதே ஏழு மணிக்கு. அப்படியானால் பதினைந்து வயதுப் பையன் பரிமாறுகிற ரிசப்ஷனில் முதல் இலை போடும்போதே சட்டம் மீறப்பட்டுவிட்டது. காலை முகூர்த்தமோ, ஐந்து மணிக்குக் காபி கொடுக்க ஆள் நிற்க வேண்டும். ஜவுளிக் கடை காலை பத்துக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடுகிறது. பண்டிகை சீசனில் பத்தரை. துணி மடித்துப் போட நிற்கிற பதினாறு வயதுப் பெண் ஆறு மணி நேரத்தில் கிளம்பினால் முதலாளி விடுவாரா? நாள் முழுக்க நிற்கிற கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று நம் சட்டமன்றம் 2021-ல்தான் சட்டம் கொண்டு வந்தது. பெரியவர்கள் கால் வலிக்கே அவ்வளவு காலம் ஆனது. பள்ளி நாட்களில் மணி அடிக்கிறது நாலரைக்கு என்றால், பையன் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கடைக்குப் போகும்போது சட்டப்படி இருக்கிற நேரம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்காக எந்த முதலாளியும் ஆள் வைப்பதில்லை. ஏழுக்கு மேல் தேவை என்பதால்தான் வைக்கிறார்.

பேப்பர் போடுவது, பால் பாக்கெட் போடுவது இரண்டும் விடியற்காலை வேலை. எட்டு மணிக்கு முன்பு என்பதால் அதுவும் விதிக்கு வெளியேதான். இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "அப்துல் கலாமே பேப்பர் போட்டவர்தானே?" ஆமாம். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனதால், ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பிடித்துத் தன் உறவினருக்கு உதவினார். அந்தச் சிறுவனை நினைத்தால் எனக்கும் மனம் நெகிழும். ஆனால் இன்று உங்கள் பையனை ஓடுகிற ரயில் பக்கத்தில் கட்டு பிடிக்க நிறுத்துவீர்களா? அவர் உழைத்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விடிகாலை நாலரை மணி இருட்டில் நாய் துரத்தும் தெருவுக்கு ஒரு பிள்ளையை அனுப்ப அவர் பெயரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

தண்டனையைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் பலர் 'பிடிச்சா ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்' என்று நினைக்கிறார்கள். 14 முடியாத பிள்ளையை வேலைக்கு வைத்தாலோ, 18 முடியாதவரை ஆபத்தான தொழிலில் வைத்தாலோ குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருடம் சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பவும் செய்தால் ஒரு வருடம் முதல் மூன்று வருடம் சிறை. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். இந்த 20,000 ரூபாய்க்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய கதை உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைச் சிறுவர்களுக்காக எம்.சி. மேத்தா தமிழ்நாடு அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் அந்தக் குழந்தையின் நல்வாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அன்றைக்கு 20,000 என்பது எவ்வளவு பெரிய தொகை என்று அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. காசுக்காக 14 முடியாத பிள்ளையை அனுப்பினால் பெற்றோரும் சட்டத்துக்குள் வருவார்கள். மறுபடியும் அனுப்பினால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

அதைவிடப் பெரிய கண்ணி வண்டி வேலையில் இருக்கிறது. சாப்பாடு டெலிவரி, கூரியர் டெலிவரி ஆப்களில் 18 முடியாதவர் சேர முடியாது. அதனால் அண்ணன் பெயரில் ஐடி, அப்பாவின் ஸ்கூட்டர், ஓட்டுவது பதினொன்றாம் வகுப்புத் தம்பி. எங்கள் ஊரிலேயே இப்படி ஓடுகிற பையன்களை எனக்குத் தெரியும், சிக்னலில் என்னைப் பார்த்ததும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? 18 முடியாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் குற்றவாளி அவருடைய காப்பாளரும் வண்டிச் சொந்தக்காரரும்தான். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அப்பா தலையில்தான். சாவியை நீங்களே கொடுத்திருந்தால் எதை நிரூபிப்பீர்கள்? எதிரே வந்தவருக்கு அடிபட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கிற இழப்பீட்டைத் திரும்ப உங்களிடமே வசூலிக்கலாம். ஒரு டெலிவரிக்கு முப்பது, நாற்பது ரூபாய். அதற்கு இவ்வளவு பெரிய பந்தயம்.

போனிலேயே வருகிற வேலைகள் இன்னும் பயங்கரம். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, ஹோட்டலுக்கு ஸ்டார் கொடுத்தால் காசு என்று டெலிகிராமில் தொடங்கும். முதலில் நூற்றைம்பது ரூபாய் உண்மையாகவே வரும். பிறகு 'உன் பேங்க் அக்கவுண்டை எங்களுக்குக் கொடு, மாசம் இவ்வளவு வாடகை' என்பார்கள். ஏடிஎம் கார்டையும் சிம் கார்டையும் சேர்த்து வாங்கிப் போவார்கள். எங்கோ ஒரு ஓய்வு பெற்ற பெரியவரிடம் ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய கணக்கு முடக்கப்பட்டு நின்ற ஒரு குடும்பத்தோடு நான் காவல் நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் அழுதபடியே, "மிஸ், பார்ட் டைம் ஜாப்னுதான் சொன்னாங்க" என்றாள். இப்படி ஏதாவது நடந்திருந்தால் ஒளிக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

டிவி பாட்டுப் போட்டி, விளம்பரம், சினிமா என்று பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 14 முடியாத பிள்ளை கலைஞராக நடிக்கலாம், பாடலாம். ஆனால் கலெக்டர் அனுமதி வேண்டும், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் பள்ளியை விட்டு இழுக்கக்கூடாது. சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்று வருகிறவரிடம் மட்டும் ரொம்பவே உஷார். பள்ளி திறக்கிற செலவுக்கு என்று பத்தாயிரம் கையில் திணித்துவிட்டு, "லீவு முடியறதுக்குள்ள கழிச்சிக்கலாம்" என்பார். ஜூன் வரும், கழிந்திருக்காது. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று இழுக்கும். கடனுக்காக ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-லேயே அதை ஒழித்துச் சட்டம் போட்டாகிவிட்டது. அந்தக் கடனை நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. சம்பளத்தைப் பிடித்து வைத்துப் பிள்ளையைக் கட்டிப்போட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-வது பிரிவில் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 முடியாத யாரும்தான். 'ரெண்டு வருஷம் வேலை பார்க்கிறேன்' என்று பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிய தாளுக்கும் மதிப்பில்லை, மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது.

இவ்வளவு சொல்லியும், வீட்டு நிலைமையால் பதினாறு வயதுப் பிள்ளையை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் உங்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அனுப்புவதற்கு முன் நீங்களே கடைக்குப் போங்கள், பையனைத் தனியாக அனுப்பாதீர்கள். பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள். அது சட்டப்படி அவர் வைத்தே ஆக வேண்டிய பதிவேடு. அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசம் கொட்டின என் மாணவனுக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால், "எங்க ஆளே இல்லையே" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. எழுத மாட்டேன் என்று அவர் முகம் சுளித்தால் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுங்கள். அங்கே அடிபட்டால் கேட்க நாதி இருக்காது. ஏழு மணிக்குக் கடை வாசலில் போய் நில்லுங்கள். முதல் நாளே நில்லுங்கள். ஏழு பத்துக்கும் பையன் வரவில்லை என்றால் உள்ளே போய்க் கூப்பிடுங்கள்.

ஏதாவது தப்பாக நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது, பிள்ளையே பேசலாம். அந்த நான்கு எண்களைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள், போனைப் பிடுங்கி வைத்தாலும் நினைவில் இருக்கும். பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417.

உண்மையில் என் தூக்கத்தைக் கெடுப்பது காயம் அல்ல, ஜூன் மாதம். லீவில் செல்போன் கடைக்குப் போன பையன் கையில் முதன்முதலாகச் சம்பளம் பார்க்கிறான். பதினொன்றாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் வருவான், பிறகு திங்கள்கிழமை மட்டும் வருவான், பிறகு வர மாட்டான். 14 முடியாத பிள்ளை தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் அதற்கான அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பதினைந்து வயதுக்காரனுக்கு அந்த விதியும் இல்லை, நாங்களாகத்தான் வீடு தேடிப் போகிறோம். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்து மேற்படிப்பில் சேர்கிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. செல்போன் கடையில் நின்றுவிட்டவனுக்கு அந்தக் கதவும் சேர்ந்து மூடிக்கொள்கிறது.

கை வெந்த அந்தப் பையன் பதினொன்றாவதுக்கு வந்துவிட்டான். தோல் இழுத்துக்கொண்டதால் அந்தக் கையை முழுதாக நீட்ட முடியாது. கணக்கு நோட்டை இடது கையால் அழுத்திப் பிடிக்க முடியாமல், பக்கத்தில் இருக்கிறவன் பிடித்துக்கொள்ள, இவன் எழுதுகிறான்.

இந்த வருடமும் கடைசித் தாள் மதியம் ஒன்றேகாலுக்கு முடிகிறது. நானும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் ஒரு மணிக்கே வாசலில் நிற்கப் போகிறோம். உங்களால் முடிந்தால் நீங்களும் வந்து உங்கள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.